பதினாலாவது பக்கம்

காலை பதினொன்று இருபதுக்கு அபாய மணி அடித்தது.

அந்த மணி மேல் நிலையத்தில் இருக்கிறது. ஆனால் அடித்தால் கீழே எங்கள் அலுவலகத்து ஜன்னல் கண்ணாடி வரை அதிரும். எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். குஸ்தோபே மலைக்கு ஏறும் ரோப்கார் பெட்டிகள் எல்லாம் அந்தரத்தில் நின்றிருந்தன. பத்தொன்பதாம் எண் பெட்டி மட்டும் பின்னால் வழுக்கி, அடுத்து வந்த பெட்டியை இடிக்காமல் ஒரு முழத் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கல்யாணக் கோஷ்டி. மணப்பெண்ணின் வெள்ளை முக்காடு கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது கீழிருந்தே தெரிந்தது.

ஐம்பது நிமிஷத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். யாருக்கும் அடியில்லை. மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் இறங்கியதும் பனியில் மண்டியிட்டு வாந்தி எடுத்தான். மணப்பெண் அழவில்லை; காலணியைக் கழற்றி எங்கள் டிக்கெட் கவுண்டர் மேல் எறிந்துவிட்டுப் போனாள்.

எங்கள் இயக்குநர் சன்ஜார் முராத்தோவிச் வெளியே வந்து பார்க்கவில்லை. பத்தொன்பதாம் எண் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு மற்றவற்றை ஓட்டச் சொன்னார். இரண்டு மணிக்கெல்லாம் வண்டி மறுபடி ஓடியது. கூடவே ஓர் உத்தரவு வந்தது. நடந்தது என்ன, செய்ய வேண்டியது என்ன என்று பாதுகாப்புப் பொறியாளர் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரே பக்கத்தில் தர வேண்டும். பக்கம் சரியாக இல்லாவிட்டால் அவர் அதற்குப் பிறகு எதுவும் எழுத வேண்டியிருக்காது.

அடுத்த பத்தாவது நிமிஷம் பாதுகாப்புப் பொறியாளர் துர்சுன்பெக் அகா என் மேஜை முன்னால் நின்றார். ஐம்பத்தெட்டு வயது; மூத்தவர்களை நாங்கள் அகா என்றுதான் கூப்பிடுவோம். தொப்பி கையில். கக்கத்தில் ஒரு கட்டுக் காகிதம்.

"கண்ணு, இதைச் சின்னதாக்கிக் குடு," என்றார்.

என் பெயர் மர்ஜான். அறிக்கைப் பிரிவு என்னுடையது. மற்றவர்கள் எழுதிக் கொண்டுவரும் கந்தலைப் பிரித்து மறுபடி தைத்துக் கொடுப்பதுதான் வேலை. சன்ஜார் முராத்தோவிச் வருவதற்கு முன்னால் யாரும் என்னை மதித்ததில்லை; பிரிண்டருக்குக் காகிதம் போடுகிறவள் என்று நினைத்திருந்தார்கள். முப்பத்து நான்கு வயதில் லண்டனிலிருந்து வந்து இறங்கிய அந்த மனிதர் முதல் வாரமே எல்லா அறைச் சுவரிலும் ஒரு தாளை ஒட்டினார். முதல் வரியில் முடிவு. அதற்குக் கீழே காரணங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு காரணத்துக்கும் கீழே ஆதாரம். ஒரு பக்கம். முதல் வரியில் முடிவு இல்லாவிட்டால் இரண்டாம் வரியை நான் படிப்பதில்லை.

அதைச் செய்தும் காட்டினார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒருவர் எழுதிய கடிதத்தை எடுத்து முதல் வரியை உரக்கப் படிப்பார். படித்துவிட்டு, "அதனால என்ன?" என்று கேட்பார். எழுதியவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். சொன்னால் அதற்கும் ஒரு அதனால என்ன. மூன்றாவது கேள்வியில் ஆள் வியர்த்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'அதனாலென்ன' என்றே பேர் விழுந்தது.

துர்சுன்பெக் அகாவின் கடிதங்கள்தான் அந்தக் கூட்டங்களில் பெரிய வேடிக்கை. 'தங்கள் பெற்றோர் நலமாயிருக்க வேண்டுகிறேன்' என்று ஆரம்பித்து, ரோப்கார் கட்டிய காலத்துக் கதை, அந்த வருஷத்துப் பனி, காற்றின் வேகம், கம்பிவடத்தின் தடிமன் என்று போகும் கடிதங்கள். "என் பெற்றோர் நலம். அதனால என்ன, அகா?" என்று இயக்குநர் கேட்பார். அறை சிரிக்கும். எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பவர் கொள்முதல் தலைவர் ஒராஸ்பாய். தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார்.

ஒராஸ்பாய், துர்சுன்பெக் அகாவுக்குச் சம்பந்தி. அகாவின் ஒரே மகள் அக்போட்டா அந்த வீட்டு மருமகள். அப்போது ஏழு மாதம். ஒராஸ்பாய்க்குப் பங்குதாரர் குழுவில் பலமான ஆள் உண்டு. மூன்று இயக்குநர்கள் மாறியும் அவர் நாற்காலி அசையவில்லை.

கட்டை வாங்கிப் பார்த்தேன். பதினாலு பக்கம். இதே கடிதத்தைத்தான் ஜனவரியிலிருந்து தேதி மாற்றி, சில வரி கூட்டி, மூன்று முறை கொடுத்திருந்தார். மூன்றையும் இயக்குநர் முதல் வரியோடு திருப்பியனுப்பி, அவை என் அலமாரிக் கோப்பில் கிடந்தன.

"அகா, இதைச் சின்னதாக்க முடியாது. முதல்ல நீங்க எனக்குச் சொல்லணும். என்ன வேணும் உங்களுக்கு? ஒரே வரியில."

அவர் உட்கார்ந்தார். டீ ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வண்டியை நிறுத்தணும்."

எழுதிக்கொண்டேன். முதல் வரி வந்துவிட்டது. பதினாலு பக்கத்தில் அந்த இரண்டு சொல் எங்கேயும் இல்லை.

"ஏன்?"

"கவ்வி நம்பறாப்ல இல்ல."

ஒவ்வொரு பெட்டியையும் கம்பிவடத்தோடு சேர்த்துப் பிடிப்பது ஓர் இரும்புக் கவ்வி. அது பிடி விட்டால் பெட்டி வழுக்கும். மொத்தமாக உடைந்தால் பெட்டி கீழே போகும். கீழே என்பது எண்பது மீட்டர், பிறகு பாறை.

எல்லாக் கவ்வியுமா என்று கேட்டேன். அக்டோபரில் புதிதாக வந்தவை மட்டும் என்றார். பழையவை எப்படி என்றேன். கல் மாதிரி இருக்கும் என்றார். அப்படியானால் அக்டோபரில் வந்தவை ஏன் இப்படி?

அவர் டீயைக் குடித்தார். ஆறிப்போன டீ.

"குளிர் தாங்காத இரும்பு," என்றார். "மைனஸ் இருபதுக்குக் கீழ போனா விரிசல் விடுது."

"குளிர் தாங்காத இரும்பு இங்க எப்படி வந்துச்சு?"

அவர் கோப்பையை மேஜை மேல் வைத்தார். நானே தேடினேன். பதினாலாவது பக்கத்தின் நடுவில், எண்ணெய் போடும் முறை பற்றிய பத்திக்கும் கடைசி வணக்கத்துக்கும் இடையில் ஒரு வாக்கியம் இருந்தது. 'அக்டோபரில் வந்த கவ்விகளில் ஆலையின் முத்திரை காணப்படாததால் வசதிப்படும்போது அவற்றையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.'

"இது ஏன் அகா பதினாலாவது பக்கத்துல இருக்கு?"

"வேற எங்க வைக்கறது? சம்பந்தி வீட்டுக் குத்தத்தைக் கொண்டுபோய் வாசல்லயா வைக்கறது?"

எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் பக்கம் சம்பந்தி வந்தால் ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்துவிட்டுத்தான் நாம் உட்காருவோம். அவர் உப்பைக் கொட்டினால் நாம் கொட்டியதாகச் சொல்வோம். துர்சுன்பெக் அகாவும் அதைத்தான் செய்திருந்தார். ஜனவரி ஒன்பதாம் தேதி முதல் விரிசலைக் கண்டதும், ஆட்கள் வேலைக்கு வருவதற்கு முன்பே விடிகாலையில் தனியாக ஏணி ஏறி, கிடங்கிலிருந்த பழைய கவ்வியை மாட்டியிருந்தார். இப்படி ஏழு பெட்டிகளுக்கு. போன வாரம் பழைய இருப்பு தீர்ந்துவிட்டது. இன்று பத்தொன்பது வழுக்கிவிட்டது. எட்டு நாளில் நவ்ரிஸ் பண்டிகை. அன்றைக்கு மலை ஏற வருகிற கூட்டத்துக்கு வரிசை சாலை வரை நிற்கும்.

"ஒராஸ்பாய் பேர் வரக் கூடாது," என்றார். "எம் பொண்ணு அந்த வீட்டுல இருக்கா. மாமியார்க்காரி ஏற்கெனவே அவளை நிக்க வச்சுக் கேள்வி கேக்கற ஆளு. பேர் மட்டும் வேணாம், கண்ணு. வண்டி நின்னாப் போதும்."

பேர் வராது என்று வாக்குக் கொடுத்தேன். வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மூன்றாவது 'ஏன்' கேட்கும்போதே இந்தப் பக்கம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காரணத்துக்குக் கீழே காரணம் வைத்துக்கொண்டே போனால் அடியில் ஓர் ஆள் நிற்பார். அங்கேயே நான் பேனாவை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பக்கம் அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது.

ரோப்காரை இன்றே நிறுத்த வேண்டும். இது முதல் வரி. காரணம் ஒன்று: அக்டோபரில் வந்த கவ்விகள் குளிரில் விரிசல் விடுகின்றன; பத்தொன்பதாம் எண் பெட்டி வழுக்கியதே ஆதாரம். காரணம் இரண்டு: அவை ஏற்கப்பட்ட ஆலையில் செய்தவை அல்ல, முத்திரை இல்லை. காரணம் மூன்று: மாற்றிப் போட நல்ல கவ்வி கைவசம் இல்லை. ஜனவரி 9 முதல் ஏழு கவ்விகளைப் பாதுகாப்புப் பொறியாளர் தாமே மாற்றியதில் பழைய இருப்பு தீர்ந்துவிட்டது.

மூன்றாவதைப் படித்ததும் அகா விரலை அதன் மேல் வைத்தார்.

"இது வேணுமா?"

"இது இல்லாட்டி மூணாவது காரணத்துக்கு ஆதாரம் இல்ல. பழசை மாட்டி ஓட்டலாமேன்னு கேப்பார்."

"தேதியாவது எடுத்துடேன்."

"தேதி இல்லாத ஆதாரத்தை அவர் கிழிச்சுப் போடுவார், அகா."

விரலை எடுத்துவிட்டுப் பேனாவை வாங்கினார். பிறகு கையெழுத்துப் போட்டார். போகும்போது என் தலையைத் தொட்டு, நன்றாயிருப்பாய் என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணி. நீள மேஜையைச் சுற்றி எட்டுப் பேர். நான் சுவரோரம். சன்ஜார் முராத்தோவிச் பக்கத்தை எடுத்து முதல் வரியைப் படித்தார். அதனால என்ன என்று கேட்கவில்லை. மௌனமாக அடிவரை படித்துவிட்டுத் தாளை மேஜை மேல் வைத்து உள்ளங்கையால் நீவினார். பிறகு, இதுதான் எழுத்து, எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, தாளைத் துர்சுன்பெக் அகாவிடமே கொடுத்து எழுந்து நின்று படிக்கச் சொன்னார்.

அகா படித்தார். முதல் காரணம் வரை ஒராஸ்பாய் வழக்கமான சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது காரணத்தில், முத்திரை இல்லை என்ற இடத்தில், மற்ற தலைகள் எல்லாம் ஒன்றாக அவர் பக்கம் திரும்பின. எங்கள் நிறுவனத்தில் ஓர் ஆணி வாங்கினாலும் வாங்குகிற கை ஒன்றுதான். பேர் எழுதத் தேவையே இருக்கவில்லை.

ஒராஸ்பாய் சத்தம் போடவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

"போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல உக்காந்து கறி தின்னீங்களே சம்பந்தி. அப்பச் சொல்லியிருக்கலாமே."

அகா தாளைத் தாழ்த்தினார். மூன்றாவது காரணம் இன்னும் பாக்கியிருந்தது. இயக்குநர், "படிங்க அகா, நல்லாப் போகுது," என்றார். படித்தார்.

அதன் பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. கவ்வி எங்கிருந்து வந்தது என்று இயக்குநர் ஒராஸ்பாயைக் கேட்டார். மச்சினன் கடை வழியாக என்று மூன்றாவது கேள்வியில் வந்துவிட்டது. ஒராஸ்பாயை அங்கேயே, கோட்டை மாட்டிக்கொண்டு போகச் சொன்னார். சொந்தச் சம்பந்தியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பக்கத்துக்கு எதிராகப் பங்குதாரர் குழுவில் யார் பேசுவார்கள்? வண்டியை நிறுத்தும் உத்தரவும் அப்போதே போனது. துர்சுன்பெக் அகா முகத்தில் அந்த நேரத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். வந்த சுவடு அழிவதற்குள் இயக்குநர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஜனவரி ஒன்பது. இன்னிக்கு மார்ச் பதினஞ்சு. அறுபத்தஞ்சு நாளா உங்களுக்குத் தெரியும்."

"நான் எழுதினேனே. மூணு கடிதம்."

"எங்க எழுதினீங்க?"

"பதினாலாவது பக்கத்துல."

யாரோ சிரித்தார்கள். பழக்கதோஷம்.

"நான் முதல் வரியோட நிறுத்திடுவேன்னு சுவத்துல ஒட்டியிருக்கேன், அகா. தெரிஞ்சேதானே பதினாலுல வச்சீங்க? ஏழு தடவை ஏணி ஏறி மறைச்சிருக்கீங்க. அதையும் தெளிவா, தேதியோட, நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இதுக்கு மேல நான் என்ன விசாரிக்கறது?"

திங்கட்கிழமை வந்து சாவிகளை ஒப்படைக்கச் சொன்னார். முப்பத்தோரு வருஷ வேலை.

துர்சுன்பெக் அகா குடியிருப்பது என் வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தில். சனிக்கிழமை மதியம் அதன் வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. முந்தின சாயங்காலமே ஒராஸ்பாயின் மனைவி போன் செய்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எழுதும் முறையை அந்த அம்மாளுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனால் முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லியிருந்தாள். உங்க பொண்ணை அனுப்பறோம். ஏன் என்று அகாவின் மனைவி கேட்டதற்கு, காரணத்தை உங்க வீட்டுக்காரரே மூணாப் பிரிச்சு எழுதியிருக்காராமே, கேட்டுக்குங்க என்று வைத்துவிட்டாளாம்.

டிரைவர் ஒருவனே எல்லாவற்றையும் இறக்கினான். சீர் வைத்த மெத்தைகள், கம்பளம், தையல் மெஷின், ஒரு தொட்டில். தொட்டிலை மட்டும் பனியில் போடாமல் லாரியின் முன்பக்கத்தில் சாய்த்து வைத்தான். அக்போட்டா அவன் பக்கத்துச் சீட்டிலிருந்து இறங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் ஊன்ற இடம் தேடி, மெதுவாக இறங்கினாள். புருஷன் கூட வரவில்லை. அகா வெறுந்தலையோடு ஓடிவந்து மெத்தைகளைத் தோளில் தூக்கினார். ஜன்னல்கள் எல்லாம் முகம். நானும் ஒரு முகம். கீழே இறங்கிப் போய் ஒரு கை கொடுத்திருக்கலாம். திரையை இழுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் என் மேஜைக்கு வந்தபோது சண்டை போடுவார் என்று நினைத்துப் பதில்களைக்கூட வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். மூன்று. அவர் எதுவும் கேட்கவில்லை. சாவிக் கொத்தை வைத்தார்.

"அந்தப் பக்கத்தை மறுபடி படிச்சேன், கண்ணு. ஒரு சொல்லுகூட அதிகப்படி இல்ல."

பாராட்டுகிறாரா சபிக்கிறாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் சன்ஜார் முராத்தோவிச் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனநிலையில் இருந்தார். தட்டில் பொரித்த மாவுருண்டைகள், ஒன்றை எனக்கும் தள்ளினார். ஒராஸ்பாயின் அறை இனி என்னுடையது என்றார். ஜன்னலிலிருந்து மலை தெரியும் அறை. பங்குதாரர் குழுவுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும், முதல் வரியை அவரே சொன்னார்: 'கவ்விகளில் கோளாறு இருப்பது மார்ச் 15 காலை தெரியவந்தது, அடுத்த பத்து நிமிஷத்தில் வண்டியை நிறுத்தினோம்.' கீழே காரணங்களை நானே அடுக்கிக்கொள்ளலாம். துர்சுன்பெக்கின் பழைய கடிதங்களைப் பின்னிணைப்பாக வைக்க வேண்டும். ஆள் எப்படிப் புதைத்து வைத்திருந்தார் என்று குழு பார்க்கட்டும்.

அலமாரியிலிருந்து கோப்பை எடுத்தேன். மூன்று கடிதங்களும் வரிசையாக இருந்தன. அடியிலிருந்த ஜனவரிக் கடிதத்தின் பதினாலாவது பக்கத்தைத் திருப்பியபோது, அந்த ஒற்றை வாக்கியத்தின் கீழ் மெல்லிய பென்சில் கோடு ஒன்று ஓடியது. ஓரத்தில் சின்ன எழுத்தில், 'கொள்முதல் ஒராஸ்பாய். துர்சுன்பெக் வாயால் வரட்டும்.' கீழே தேதி, ஜனவரி 11. அந்தக் கையெழுத்தை நான் தினமும் பார்க்கிறேன்.

ஜனவரி பதினொன்றிலிருந்து மார்ச் பதினைந்து வரை அந்தப் பெட்டிகளில் எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த அறிக்கையையும் நான்தான் எழுதுகிறேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் இயக்குநர் முன்னால் விரித்து வைத்தேன். அவர் அதிரவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்தார். காகிதம் கிழியாமல், சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். தூளை ஊதினார். பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"முதல் வரியோட நிறுத்திடுவேன்னு நம்பினாத்தானே மர்ஜான், நீங்க எல்லாரும் கடைசிப் பக்கத்துல உண்மையை எழுதுவீங்க?"